இரண்டரை லட்சத்துக்கு ஒரு டர்போ

பழைய வண்டி வாங்கக் கடன் கேட்டு வங்கிக்கு வருகிறவர்களை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. எத்தனையாவது ஓனர், எந்த வருடத்து மாடல், எவ்வளவு ஓடியிருக்கிறது, மூன்று வருடம் கழித்து இதையே விற்றால் எவ்வளவு தேறும் என்று கேட்பேன். வயதான வண்டிக்கு வங்கிகள் ஏன் கடன் கொடுக்கத் தயங்குகின்றன என்பதைத் தண்ணீர் குடிக்காமல் ஒரு மணி நேரம் விளக்குவேன். அப்படிப்பட்டவன்தான், நாற்பது தாண்டிய வயதில், பன்னிரண்டு வருடம் ஓடிய டர்போ பெட்ரோல் கார் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினேன். கடனுக்கு விண்ணப்பித்திருந்தால் என் மேஜையிலேயே அது திரும்பியிருக்கும்.

சேலத்துக்கு மாற்றல் வந்திருந்த சமயம் அது. வீடு தருமபுரியில், குமாரசாமிப்பேட்டையில். மனைவிக்கு நல்லம்பள்ளி பக்கம் அரசுப் பள்ளியில் வேலை, மகள் இங்கே படிக்கிறாள். குடும்பத்தைக் கிளப்ப முடியாது. ஊருக்கும் சேலத்துக்கும் நடுவே சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், முழுக்க நாலுவழிச் சாலை. பஸ்ஸுக்குக் குறைவில்லை, பெங்களூரிலிருந்து சேலம் போகிற எந்த வண்டி வந்தாலும் ஏறிக்கொள்ளலாம். நின்றுகொண்டே போய் வருவதால் இடுப்பு வலிக்கிறது, அதனால்தான் கார் வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். இடுப்பு வலித்தது உண்மைதான். ஆனால் ஆசை வந்தது இடுப்பிலிருந்து அல்ல, பஸ் ஜன்னல் வழியாகத் தினம் பார்த்த தொப்பூர் கணவாயிலிருந்து.

தொப்பூரைத் தெரியாத லாரிக்காரர் தென்னிந்தியாவில் இருக்க மாட்டார். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரி மேட்டிலிருந்து சேலத்துப் பள்ளத்துக்கு இறங்கும் இடம் அது. சேலம் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். விபத்தெல்லாம் பெரும்பாலும் இறக்கத்தில்தான். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவார்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், முன்னால் போகிற நான்கைந்து வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கும். இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டாதே என்று வழியெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விபத்துச் செய்தியைப் படிக்கும்போதும், ரெண்டு லிட்டர் டீசலுக்காக உயிரை விடுகிறார்களே என்று அலுவலகத்தில் அங்கலாய்ப்பேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை இழுத்தது ஏற்றம். மாலையில் பஸ் அந்த மேட்டில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும்போது, வலது பக்கம் சில கார்கள் விசுக்கென்று கடந்து போகும். அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பது நானாக இருந்தால் என்ன என்று தோன்ற ஆரம்பித்தது. வங்கிக்காரனுக்கு ஆசை வந்தால் முதலில் ஒரு கணக்குப் போடுவான். கணக்கு ஆசைக்குச் சாதகமாக வரும்வரை போடுவான்.

கணக்கு இதுதான். டர்போ பெட்ரோல் கார்கள் நம் ஊரில் பரவலாக வருவதற்கு முன்பே சில கம்பெனிகள் துணிந்து இறக்கிப் பார்த்தன. ஸ்கோடா 2004-இல் ஆக்டேவியா ஆர்எஸ் கொண்டுவந்தது, 1.8 லிட்டர் என்ஜினில் 150 குதிரைத்திறன். 2010-இல் ஃபியட் லீனியா டி-ஜெட் வந்தது, 1.4 லிட்டரில் 114. 2013-இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, வெறும் 1.2 லிட்டரில் 105. அந்தக் காலத்தில் அதே அளவு சாதாரண என்ஜின்கள் இந்த எண்களைத் தொடவே சிரமப்பட்டன. ஓட்டியவர்கள் கொண்டாடினார்கள், ஆனால் ஊர் வாங்கவில்லை. ‘லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?’ என்பதுதான் நம்மவர்களின் முதல் கேள்வி, பல சமயம் அதுவே கடைசிக் கேள்வியும். வாங்க ஆளில்லாத வண்டி பழசானால் விலை சரியும். போதாக்குறைக்குக் கம்பெனிகளே மூட்டை கட்டின. செவ்ரோலே 2017-இல் விற்பனையை நிறுத்தியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வருமுன்பே ஃபியட் கார்கள் நின்றுபோயின. ஃபோர்டு 2021 செப்டம்பரில் கையை விரித்தது, மறைமலை நகர் தொழிற்சாலை உட்பட. கம்பெனி போய்விட்டது என்றால் வண்டி நன்றாக இருந்தாலும் விலை தரைக்கு வந்துவிடும். ஆகவே, புதிதில் ஒன்பது பத்து லட்சத்துக்கு விற்றது இன்று இரண்டரை லட்சத்துக்குக் கிடைக்கிறது, அதாவது ஏழு லட்சம் எனக்கு லாபம்! கூட்டல் கழித்தலில் ஒரு தவறும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

நான் வாங்கிய வண்டி மேலே சொன்னவற்றில் ஒன்றா, இல்லை வேறு ஏதாவதா என்று சொல்லப்போவதில்லை. நடந்ததற்கு வண்டி செய்தவர்கள் எந்த விதத்திலும் பொறுப்பில்லை. பெயரைப் போட்டால் பழி அங்கே போய்ச் சேரும்.

சேலத்தில் ஒரு புரோக்கர் மூலமாகத்தான் அது வந்தது. பார்க்கப் போன அன்று, வண்டியைத் துடைத்து, ஏசி போட்டு, என்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தார். “காலையிலயே ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன் சார், நீங்க வந்து காத்திருக்கக் கூடாதுல்ல” என்றார். என்ன மரியாதை என்று நினைத்தேன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் தடவை ஸ்டார்ட் செய்தால்தான் புகைக்குழாய் தன் ரகசியத்தைச் சொல்லும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவது ஓனர், மீட்டரில் எழுபத்து நான்காயிரம் கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டதாம். இதே பதிலை ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரையே பார்த்திருப்பேன். அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது டேஷ்போர்டை.

ஓட்டிப் பார்க்க எடுத்தபோது, பைபாஸில் மூன்றாவது கியரில் காலை அழுத்தினேன். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் முன்னால் எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம், உடனே சீட் முதுகை அழுத்தியது. இறங்கியதும் பேரம் பேசினேன் என்று வீட்டில் சொன்னேன். பேசவில்லை.

மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். “ஏங்க, இதுக்குச் சாமான் எல்லாம் இங்க கிடைக்குமா?” என்றாள். தருமபுரி மாவட்டத்தில் அந்த வண்டிக்கு ஒரு சர்வீஸ் சென்டரும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். “ஆன்லைன்ல எல்லாம் வருது” என்றேன். “மைலேஜ்?” என்றாள். பதினைந்து என்றேன். தொப்பூரில் நான் ஓட்டிய ஓட்டத்துக்குப் பத்தே அதிகம்.

முதல் சில மாதங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சேலத்தில் வேலை முடிந்து கிளம்பி, ஓமலூர் தாண்டி, தீவட்டிப்பட்டி தாண்டி, தொப்பூரில் மேடு தொடங்கும் இடத்துக்கு வந்தால் உடம்பு தானாக நிமிரும். லாரிகள் இடது ஓரம் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். நான்காவது கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றி அழுத்தினால், விசில், இழுப்பு, பக்கத்து லாரியின் டயர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். நாள் முழுக்க வாராக்கடன் பட்டியலோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு பெரிய மருந்து என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது.

கணவாய் ஏறி முடிந்ததும் சாலையோரம் ஒரு டீக்கடை. அங்கே நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. வண்டியை ஓரம் கட்டுவேன், சாவியைத் திருப்பி அணைப்பேன், இறங்குவேன். மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும். பக்கத்தில் சங்ககிரி, நாமக்கல் லாரிகள் நிற்கும். டிரைவர் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருப்பார், என்ஜின் மட்டும் தடதடத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஒரு கிளீனர் பையன் அணைக்கப் போனான். “டேய், இரு. மேடேறி வந்திருக்கு, ரெண்டு நிமிசம் ஓடட்டும்” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் டிரைவர். டீசல் என்ன விலை விற்கிறது, இவர்களுக்கு அக்கறையே இல்லையே என்று நினைத்துக்கொண்டு நான் வடையைப் பிட்டேன்.

டர்போ என்பது என்ன என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் அட்சர சுத்தமாகச் சொல்லியிருப்பேன். என்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் பாய்ச்சிச் சுற்றவைக்கிறார்கள். அந்தச் சக்கரத்தின் தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம், அதற்கேற்பப் பெட்ரோல் அதிகம், சக்தி அதிகம். ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்பதுகூடத் தெரியும். எனக்குத் தெரியாதது, தெரிந்துகொள்ளத் தோன்றாதது, அந்தத் தண்டைப் பற்றி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற தண்டு அது. சின்ன டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தொடும். அதன் ஒரு பக்கத்தில் தொள்ளாயிரம் டிகிரிப் புகை. இந்தச் சூட்டிலும் வேகத்திலும் அதைத் தாங்கிப் பிடித்திருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். என்ஜின் ஓடும்வரை பம்ப் எண்ணெய் அனுப்பிக்கொண்டே இருக்கும். என்ஜினை அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும், சூடு நிற்காது. உள்ளே தேங்கிய எண்ணெய் அங்கேயே வெந்து கரியாகும்.

அமெரிக்காவில் 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் விட்டது. டர்போ வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. என்ஜினுக்குள் அழுத்தித் திணிக்கும் காற்றின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்களுக்கு வேகம் பிடித்திருந்தது, தொட்டியை நிரப்பத்தான் மறந்தார்கள். வண்டி இரண்டே வருடம் விற்றது. கடைசியில் கம்பெனியே கூப்பிட்டு, டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் இலவசமாக மாட்டிக்கொடுத்தது. இந்தக் கதையைப் பின்னாளில்தான் படித்தேன். உலகத்தின் அந்த மூலையிலும் என் இனத்தார் இருந்திருக்கிறார்கள் என்று ஒரு ஆறுதல்.

வாங்கும்போது கையில் இருந்த பணமெல்லாம் வண்டிக்கே போய்விட்டதால், பராமரிப்பில் மிச்சம் பிடிக்க ஆரம்பித்தேன். ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. கையேட்டில் 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக் என்று போட்டிருந்தது. பக்கத்துக் கடையில் 20டபிள்யூ-40 சாதா ஆயில், பாதி விலை. “எல்லா வண்டிக்கும் இதான் சார் ஊத்தறாங்க” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை, எல்லா வண்டியும் டர்போ இல்லை என்பதை அவர் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பங்க்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா என்று யோசித்து, சாதாவையே போட்டேன். ரேடியேட்டர் தண்ணீர் அவ்வப்போது குறைந்தது. ஏன் குறைகிறது என்று பார்க்காமல் வீட்டு போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. தருமபுரிக்காரனுக்கு நிலத்தடித் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கி எலும்பை முடக்கிய ஊர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. எங்கள் வீட்டில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், பாத்திரம் கழுவ போர் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஊற்றிய வாளியில் வெள்ளையாக உப்புப் படிவதை வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பவனும் நான்தான்.

வண்டி சொல்லாமல் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலமாகப் புகை வந்தது. எதிர்வீட்டுப் பெரியவர், “சார், நகராட்சிக்காரங்க கொசு மருந்து அடிக்க வரலேன்னாலும் பரவாயில்ல, உங்க வண்டி இருக்குது” என்றார். பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன். விசில் சத்தம் மெல்ல மெல்ல ஊளையாக மாறியது. அதையும் நான் ரசித்தேன். ஆயில் விளக்கு ஒருநாள் வளைவில் திரும்பும்போது மினுங்கி அணைந்தது. சென்சார் கோளாறு என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு மாலை. கணவாயில் லாரிகள் வழக்கத்தைவிட மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு ஆம்னி பஸ் ஹாரன் அடித்து விரட்டியது. வலது பக்கம் எடுத்து, மூன்றாவது கியர் போட்டு அழுத்தினேன். ஊளை எழுந்தது, உச்சத்துக்குப் போனது, நடுவில் பட்டென்று நின்றுவிட்டது. கால் முழுக்க அழுத்தியபடி இருக்கிறது, வண்டி இழுக்கவில்லை. இடது பக்கம் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர், அதன் சக்கரங்கள் என் ஜன்னலுக்கு நேராக, இப்போது அவை மெல்ல முன்னால் போக ஆரம்பித்தன. கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரே வெள்ளைப் புகை, நடுவே அதன் முகப்பு விளக்குகள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன. புகை முழுக்க என்னுடையது. டிரெய்லர் கடந்து போகும்வரை காத்திருந்து இடது ஓரத்துக்கு எப்படி வந்தேன் என்று சரியாக ஞாபகமில்லை. பஸ் டிரைவர் பிரேக் மேல் கால் வைத்தே வந்திருக்கிறார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கடந்து போகும்போது ஜன்னல் வழியாக அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. நியாயமான வார்த்தைதான்.

பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவினேன். கைக்குட்டையால் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில்கூட ஒன்றும் ஒட்டவில்லை. ஏதோ தப்பாகப் பார்க்கிறேன் என்று மூன்றாவது முறையும் விட்டு எடுத்தேன். பக்கத்தில் லாரிகள் ஒவ்வொன்றாக, முதல் கியரில், எந்த அவசரமும் இல்லாமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. 1033-க்குப் போன் செய்தேன். நெடுஞ்சாலை வண்டி வந்து இழுத்துக்கொண்டு போய், சுங்கச்சாவடி தாண்டி ஓரமாக விட்டது.

வண்டி போய்ச் சேர்ந்த தருமபுரி மெக்கானிக் என்னைவிட இளையவர், அதிகம் பேசாதவர். டர்போவைக் கழற்றி மேஜைமேல் வைத்து, தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடவே கூடாதாம், அது மேலும் கீழும் கடகடவென்று ஆடியது. சக்கரத்தின் இறகுகள் கூட்டின் உள்சுவரில் உரசி மழுங்கியிருந்தன. அப்புறம் ஒரு மெல்லிய இரும்புக் குழாயை எடுத்தார். டர்போவுக்கு ஆயில் போகிற குழாய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். மறுபக்கம் தெரியவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். கறுப்பாக, கெட்டியாக, நொறுங்கி நொறுங்கி மேஜையில் விழுந்தது.

“சார், நீங்க வர்ற வழியில மேடு இருக்குதா?”

“தொப்பூர்.”

“மேல ஏறினதும் எங்கயாவது நிறுத்துவீங்களா?”

டீ குடிப்பேன் என்றேன்.

“நிறுத்தினதும் உடனே ஆஃப் பண்ணிருவீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த கரித்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ரெண்டு நிமிசம் ஓடட்டும்” என்ற அந்தக் குரல் காதில் வந்துபோனது. இந்த மாவட்டத்தில் என்ஜினைப் பற்றித் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? 2004-இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை ஓசூர் எங்கள் மாவட்டம்தான். அங்கே அசோக் லேலண்ட் நாற்பது வருடத்துக்கு மேலாக லாரி செய்துகொண்டிருக்கிறது. இன்று ஓடுகிற லாரி ஏறக்குறைய எல்லாமே டர்போ. கைலியும் பனியனுமாக என் பக்கத்தில் நின்று டீ குடித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம் இது. நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாறாக, டீசலை வீணாக்குகிறார்கள் என்று மனதுக்குள் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் ரேடியேட்டர் குழாயையும் கழற்றி வாயைக் காட்டினார். உள்ளே சுற்றிலும் வெள்ளை உப்பு. இதற்கு அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை, தருமபுரிக்காரர்தானே.

புது டர்போ போட்டால் விலை லட்சத்தைத் தொடும் என்றார். மயக்கம் வராத குறை. “இரண்டரை லட்சம் வண்டிக்கு லட்ச ரூபாய் சாமானா?” என்று கேட்டேன். “அது பத்து லட்சம் வண்டி சார். வண்டி வெலதான் எறங்கிச்சு, சாமானுக்கு யாரும் வெல எறக்கல” என்றார். பழைய இரும்பில் கிடைக்குமா என்று சென்னை புதுப்பேட்டையில் விசாரித்தோம். கிடைத்தது, ஆனால் அதன் தண்டும் ஆடியது. கடைசியில் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பழையதையே பிரித்துச் சரிசெய்து வாங்கினோம், முப்பத்தெட்டாயிரம். குழாய்கள், ரேடியேட்டர், ஆயில், கூலி தனி. திறந்தது திறந்தோம், டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடலாம் என்றார். அது அறுந்தால் என்ஜினே போய்விடுமாம். கிளட்ச் பிளேட்டும் தேய்ந்திருந்தது. பில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்தில் வந்து நின்றது.

அந்தப் பணம் மகளின் கல்லூரிக்காகப் போட்டுவந்த ஆர்.டி.யிலிருந்து வந்தது. முதிர்வதற்கு முன்பே முடிக்கும் படிவத்தை என் கிளையிலேயே, என் கையாலேயே நிரப்பினேன். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘குடும்பத் தேவை’ என்று எழுதினேன். பாஸ்புக்கை மனைவி பார்ப்பாள் என்பதால் அன்றிரவே சொல்லிவிட்டேன், தொப்பூரில் நடந்தது உட்பட. பணத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “அந்த பஸ் டிரைவர் பிரேக் போடலேன்னா?” என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் வெகுநேரம் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். “மைலேஜ் பதினஞ்சுன்னு சொன்னீங்களே, அது?” என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டாள்.

வண்டி சரியாகி வந்தபின், முன்னைவிட நன்றாக ஓடியது. சிந்தெடிக் ஆயில், கூலன்ட், 95 பெட்ரோல் எல்லாம் முறைப்படி போட்டேன். டீக்கடையில் என்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி நின்றேன். புதிதாக வந்த காரோட்டி ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் மாதச் செலவைக் கூட்டிப் பார்த்தால் புது வண்டிக்கு ஈஎம்ஐ கட்டுகிற தொகைக்குப் பக்கத்தில் வந்தது. மேட்டில் காலை அழுத்தவும் பழைய தெம்பு இல்லை. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வருவதற்கு டர்போ எதற்கு?

விற்கும்போது எல்லா பில்லையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். வாங்கியவர் பாலக்கோடு தக்காளி மண்டியில் கமிஷன் பார்க்கும் இளைஞர். “காலைல ஆறு மணிக்கு வாங்க, வண்டி குளிர்ந்திருக்கும், நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்று சொல்லியிருந்தேன். வந்தார், பார்த்தார், ஃபைலை ஒரு பக்கம் விடாமல் படித்தார். கோயம்புத்தூர் டர்போக்காரரின் போன் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். ஒன்றே முக்கால் கேட்டேன், ஒன்று அறுபதுக்கு முடிந்தது. அதில் ஆர்.டி.யை மறுபடி தொடங்கியிருக்கிறேன். நான் இப்போது பஸ்ஸில்தான் போய் வருகிறேன், இடுப்பு வலிக்கிறது.

இப்படி ஒரு வண்டி உங்கள் கண்ணிலும் பட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. புரோக்கருக்குச் சொல்லாமல் விடிகாலையில் போய் நில்லுங்கள். முதலில் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்துவிடுங்கள்.